இஸ்ரவேலர்கள் உண்மையில் எங்கிருந்து வந்தார்கள்? யூத மதம் எப்போது தொடங்கியது?

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். சேர்த்துக் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. இஸ்ரவேல் என்ற பெயரில் ஒரு மக்கள் கூட்டம் கி.மு. 1200 வாக்கிலேயே கானானில் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி) இருந்தது. ஆனால் ஒரே கடவுள், ஒரே வேதம், சிலை கூடாது, ஓய்வுநாள் என்று யூத மதத்துக்கு இன்று நாம் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஒன்றுசேர இன்னும் ஏழெட்டு நூற்றாண்டாவது ஆனது.

முதலில் மக்கள். 1896-இல் எகிப்தின் தீப்ஸில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி ஒரு பெரிய கல்வெட்டைக் கண்டெடுத்தார். மெர்னெப்தா என்ற பார்வோன் கி.மு. 1208 வாக்கில் பொறித்தது. பெரும்பகுதி லிபியரை வென்ற பெருமைதான். கடைசியில் கானானில் தான் அடக்கியவர்களின் பட்டியல் வருகிறது: அஸ்கலோன், கேசேர், யெனோவாம், அப்புறம் இஸ்ரவேல். முதல் மூன்றுக்கும் ஊர், நாடு என்பதைக் காட்டும் குறியைப் போட்ட எழுத்தர், இஸ்ரவேலுக்கு மட்டும் மக்களைக் காட்டும் குறியைப் போட்டிருக்கிறார். வேதாகமத்துக்கு வெளியே அந்தப் பெயர் உறுதியாகக் கிடைக்கும் மிகப் பழைய இடம் இதுதான்.

சரி, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? யோசுவாவின் புத்தகம் சொல்வதுபோல வெளியிலிருந்து வந்து ஊர் ஊராகப் பிடித்தார்கள் என்பதற்கு மண்ணில் சான்று கிடைக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் வீழ்ந்ததாக வரும் ஊர்களில் எரிகோ, ஆயி, ஆத்சோர் மூன்றையும் பார்ப்போம். 1950-களில் எரிகோவைத் தோண்டிய கேத்லீன் கென்யன், அந்த நகரம் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துவிட்டது என்று கண்டார். ஆயி என்று கருதப்படும் மேடு அதற்கும் பல நூற்றாண்டு முன்பே ஆளில்லாமல் போயிருந்தது. ஆத்சோர் மட்டும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் எரிந்திருக்கிறது. எரித்தது யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

உண்மையான விடை நடுமலைப் பகுதியில் கிடைத்தது. 1967-க்குப் பிறகு இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டீன் போன்ற தொல்லியலாளர்கள் குன்று குன்றாக நடந்து தேடியதில், கி.மு. 1200-ஐ ஒட்டித் திடீரென முளைத்த சுமார் 250 சிற்றூர்கள் தெரியவந்தன. கோட்டை கிடையாது, அரண்மனை கிடையாது. தூண்கள் வைத்த நாலறை வீடுகள், தானியக் குழிகள், கழுத்தில் வளையம் வைத்த பெரிய ஜாடிகள். மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய வயல்கள். பன்றி எலும்பு ஏறக்குறைய இல்லவே இல்லை; கடலோரச் சமவெளியில் வாழ்ந்த பெலிஸ்தியரின் எக்ரோன் நகரில் அது தாராளமாகக் கிடைக்கிறது. (பன்றி குறைவாகக் கிடைக்கும் வேறு ஊர்களும் உண்டு, ஆகவே எலும்பை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாது.) பானைகளோ கானானியப் பானைகளின் தொடர்ச்சிதான். எபிரெய மொழியும் பெனிக்கிய, மோவாபிய மொழிகளுக்கு நெருங்கிய உறவு. பள்ளத்தாக்கு நகரங்கள் சரிந்த காலத்தில் மலையேறிய உழவர்களும் ஆடு மேய்ப்பவர்களும்தான் இஸ்ரவேலரில் பெரும்பாலோர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அப்படியானால் எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் மோசே தலைமையில் வெளியேறியதாகச் சொல்லும் யாத்திராகமம் வெறும் கதையா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆறு லட்சம் ஆண்கள் புறப்பட்டதற்கு எகிப்திலும் சீனாயிலும் தடயம் இல்லை. அந்தக் காலத்தில் கானானே எகிப்தின் ஆட்சியில்தான் இருந்தது. ஆனால் மோசே, பினெகாஸ் போன்ற எகிப்தியப் பெயர்கள் ஆசாரியப் பணி செய்த லேவியர் வம்சத்தில் இருப்பது சும்மா வந்திருக்காது. ஒரு சிறு கூட்டம் தப்பிவந்து, அதன் நினைவு எல்லாருடைய நினைவாகவும் ஆகியிருக்கலாம். அடிமைகளாக இருந்தோம் என்று ஒரு சமூகமே தன் பிறப்பைச் சொல்லிக்கொள்வதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அரசர்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். தாண் என்ற இடத்தில் 1993-இல் கிடைத்த கல்வெட்டு 'தாவீதின் வீட்டை', அதாவது தாவீது அரசனின் வம்சத்தைக் குறிப்பிடுகிறது. மோவாப் அரசன் மேசாவின் கல் இஸ்ரவேல் அரசன் ஒம்ரியையும் இஸ்ரவேலரின் கடவுள் யாவேயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இரண்டும் கி.மு. 9-ஆம் நூற்றாண்டு.

யாவே அப்போது தனித்து வணங்கப்படவில்லை. சீனாய்ப் பாலைவனத்துக் குந்திலேத் அஜ்ருதில் கிடைத்த, கி.மு. 800-ஐ ஒட்டிய ஜாடி ஒன்றில் 'சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்' ஆசீர்வதிக்கட்டும் என்று எழுதியிருக்கிறது. அசேரா என்பது கானானியப் பெண் தெய்வத்தின் பெயர். தீர்க்கதரிசிகள் ஏன் அத்தனை கோபத்தோடு பேசினார்கள் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கோ அயல்நாட்டிலிருந்து நுழைந்ததை அல்ல, தம் மக்களின் சாதாரண வழக்கத்தையே அவர்கள் எதிர்த்தார்கள்.

கி.மு. 722-இல் வட அரசான இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. 622-இல் தென் அரசான யூதாவின் அரசன் யோசியா மற்ற பலிமேடைகளை இடித்து, எருசலேம் ஆலயம் மட்டுமே என்றார். 586-இல் பாபிலோனியர் அந்த ஆலயத்தையும் எரித்தார்கள். கடவுள் தோற்றுவிட்டார் என்று முடித்துக்கொள்ளாமல், பாபிலோனும் அவர் கையில்தான் இருக்கிறது என்று சொன்னவர்களிடமிருந்துதான் இந்த மதம் பிறந்தது.

அதுகூட எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பரவவில்லை. நைல் நதியில் அஸ்வான் அருகே எலிபன்டைன் என்ற தீவு. பாரசீகப் பேரரசின் காவற்படையாக யூதக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களுடைய அரமேயப் பாப்பிரஸ் தாள்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன: திருமணப் பத்திரம், வீட்டுக் கிரயம், கடன் சீட்டு. எருசலேமைத் தவிர வேறெங்கும் ஆலயம் கூடாது என்று வேதாகமத்தின் உபாகமம் சொல்ல, இவர்கள் யாகுவுக்கு (யாவேயை இவர்கள் அழைத்த பெயர்) தனி ஆலயம் வைத்து மிருகபலி கொடுத்தார்கள். காணிக்கைப் பட்டியல் ஒன்றில் யாகுவோடு அனாத்பெத்தேல் என்ற தெய்வத்துக்கும் வெள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள். கிடைத்த தாள்களில் மோசேயின் பெயரே இல்லை.

கி.மு. 410-இல் குனும் என்ற எகிப்தியத் தெய்வத்தின் பூசாரிகள் தூண்டி அந்த ஆலயம் இடிக்கப்பட்டது. எருசலேமின் பிரதான ஆசாரியருக்கு எழுதினார்கள், பதில் இல்லை. 407-இல் யூதேயாவின் ஆளுநர் பாகோகிக்கு மறுபடி எழுதினார்கள். தங்கள் மனைவி மக்களோடு துக்கத்துக்கான முரட்டுத் துணியான இரட்டு உடுத்தி உபவாசம் இருப்பதாக அந்தக் கடிதம் சொல்கிறது. திரும்பக் கட்ட ஒப்புதல் வந்தது. அந்தக் குறிப்பில் போஜனபலியும் (மாவுக் காணிக்கை) தூபமும் உண்டு, மிருகபலியைப் பற்றிப் பேச்சே இல்லை. தங்களை யூதர் என்று சொல்லிக்கொண்டவர்கள், அதுவும் எருசலேமில் யூத சமூகத்தைச் சீரமைத்த எஸ்றா, நெகேமியா காலத்தையொட்டி, இப்படி வாழ்ந்திருக்கிறார்கள்!

அதனால் எஸ்றா மக்கள் முன் நியாயப்பிரமாணத்தை, அதாவது தோராவை, வாசித்த நாளையே தொடக்கம் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். சாதாரண மக்கள் தோராவின்படி நடந்ததற்குத் தெளிவான சான்று கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலிருந்துதான் கிடைக்கிறது என்கிறார் தொல்லியலாளர் யோனதான் ஆட்லர். சடங்குக் குளியல் தொட்டிகள் அந்தக் காலத்தின் பிற்பகுதியில்தான் தோன்றுகின்றன என்பது அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று. வேதம் எழுதப்பட்ட காலமும் அது வீட்டுக்கு வீடு வழக்கமான காலமும் வேறு என்று அவர் பிரித்துப் பார்ப்பது எனக்குச் சரியாகவே தோன்றுகிறது.