இண்டை தொகுதி: முடிவுப் பட்டியல்கள் முரண்படவில்லை

வணக்கம். 2013-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள இண்டை நாடாளுமன்றத் தொகுதியைச் சுயேச்சை வேட்பாளர் வென்றிருக்க, இன்னொரு பட்டியலில் இடதுசாரிச் சார்புள்ள லேபர் கட்சியைவிட வலதுசாரிச் சார்புள்ள லிபரல் கட்சி வெகுவாக முந்தியிருப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பட்டியல்களும் சரியானவையே.

அங்கே வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசையில் குறிக்கிறார்கள்; குறைந்த வாக்கு பெற்றவர் ஒவ்வொருவராக நீக்கப்பட, அவரது வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாறும். வெற்றியைத் தீர்மானிப்பது, கடைசி வரை களத்தில் நின்ற இருவருக்கிடையிலான கணக்கு. முதல் விருப்பு வாக்குகளில் லிபரல் கட்சியின் சோஃபி மிராபெல்லா 44 விழுக்காட்டையும் தாண்டினார். சுயேச்சை வேட்பாளர் கேத்தி மெக்கோவன் பெற்றது ஏறத்தாழ 31. ஆயினும் லேபர், பசுமைக் கட்சி வாக்காளர்களின் அடுத்த விருப்பங்கள் பெரும்பாலும் மெக்கோவனுக்கே சென்றதால், அவர் 439 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இரண்டாவது பட்டியல், நாடு தழுவிய ஒப்பீட்டுக்காக அதே வாக்குச்சீட்டுகளை லிபரல், லேபர் என இரண்டாக மட்டும் பிரித்துப் பார்ப்பது. இத்தொகுதியின் நகரங்களான வொடோங்கா, வாங்கரட்டா வட்டாரம் இடப்பக்கம் சாய்ந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று. என் பார்வையில் இத்தொகுதியின் உண்மையான இயல்பு அங்கேதான் தெரிகிறது.

1977 முதல் லிபரல் வசமிருந்த தொகுதி இது. அதற்கு முன்பு கிராமப்புற நலன் சார்ந்த கண்ட்ரி கட்சியின் ஜான் மெக்யூவன் 1937 முதல் 1949 வரை இங்கிருந்துதான் நாடாளுமன்றம் சென்றார். 1928-இல் அக்கட்சியின் உறுப்பினர் உரிய நேரத்தில் வேட்புமனு சேர்ப்பிக்காததால், லேபர் வேட்பாளர் போட்டியின்றியே தேர்வானார் என்பதையும் பழைய பட்டியலைப் பார்க்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

2019-இல் மெக்கோவன் விலகியபின் இன்னொரு சுயேச்சையான ஹெலன் ஹெய்ன்ஸ் வென்றார். 2022, 2025 தேர்தல்களிலும் அவரே. ஆகவே இத்தொகுதியில் வென்றது யார் என்று ஆராயும்போது, இறுதி இருவர் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.