சியான்ல ஒரே நாள்தான் இருக்கா? சுடுமண் படைய இப்படி பாருங்க

ஒரு வாசகர் கேட்டது இது: "அக்டோபர்ல அம்மா அப்பாவோட சீனா போறோம், சியான்ல ஒரே ஒரு நாள்தான் இருப்போம். அம்மாவுக்கு 66 வயசு, மூட்டு வலி உண்டு. டெரகோட்டா வீரர்கள பாத்துட்டு வந்த ஃப்ரெண்ட், ஒரே கூட்டம், தூரத்துல கொஞ்சம் சிலை, அவ்ளோதான்னு சொல்றார். போகலாமா? டூர்ல சேந்துக்கணுமா, நாமளே போயிடலாமா?"

கண்டிப்பா போங்க, நாமளாவே போகலாம். சீனாவோட முதல் பேரரசர் கல்லறைக்குக் காவலா சுடுமண்ணுல செஞ்சு புதைச்ச படை அது. ஆனா முதல்ல தேதிய பாருங்க. அக்டோபர் 1லேருந்து 7 வரைக்கும் அவங்களோட தேசிய தின லீவு, அந்த வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம், அம்மாவ அந்த நெரிசல்ல நிக்க வைக்காதீங்க. 10ம் தேதிக்கு மேல தள்ளி வைங்க, அப்ப வெயிலும் தணிஞ்சிருக்கும்.

டிக்கெட்ட பாஸ்போர்ட் நம்பர் குடுத்து முன்னாடியே எடுக்கணும், ஆளுக்கு 120 யுவான், கேட்ல ஒரிஜினல் பாஸ்போர்ட் கேப்பாங்க, போட்டோகாபி உதவாது. அலிபேன்னு போன்ல பணம் கட்டற ஆப்ல உங்க கார்ட இங்கேருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே இணைச்சு வெச்சுக்கோங்க, அங்க பஸ், சாப்பாடு எல்லாத்துக்கும் அதுதான் ஓடும். இடம் ஊருக்குக் கிழக்கே லிண்டோங் பக்கம், கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். மெட்ரோ 9வது லைன்ல ஹுவாச்சிங் ச்சி ஸ்டேஷன்ல இறங்கி அங்கேருந்து பஸ், இல்லேன்னா ஹோட்டல்லேருந்து ஆப்ல கார் போட்டுக்கோங்க, மூட்டு வலிக்கு அதான் நல்லது. ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல "வாங்க வாங்க, மியூசியம் பஸ்"னு கைய புடிச்சு இழுக்கறவங்க கூட மட்டும் போயிடாதீங்க, எங்கயாவது கடைக்கோ வேற ஏதாவது பொம்மை கண்காட்சிக்கோ கொண்டு போய் விட்டுட்டா உங்க அரை நாள் போச்சு. கேட்லேருந்து சிலைங்க இருக்கற குழி வரைக்கும் நடை ஜாஸ்தி, பேட்டரி கார் ஓடுது, கொஞ்ச காசுதான், அம்மாவ அதுல ஏத்தி விட்டுடுங்க.

இப்ப உங்க ஃப்ரெண்ட் சொன்ன விஷயத்துக்கு வரேன். அவர் சொன்னது பொய் இல்ல. 1வது குழி 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம், மேல இருக்கற கம்பிக்கிட்ட நின்னு கீழ பாக்கணும். எல்லாரும் வாசல் பக்கமே முட்டி மோதி முன்வரிசைய போட்டோ எடுத்துட்டு வெளிய போயிடறாங்க. நீங்க அங்க அஞ்சு நிமிஷம் நின்னுட்டு ஓரமாவே பின்பக்கம் வரைக்கும் நடங்க, கூட்டம் குறைஞ்சுக்கிட்டே வரும். அங்கதான் உண்மையான அகழாய்வு இருக்கு. தலையில்லாத உடம்பு, துண்டு துண்டா கை, ஒட்டிக்கிட்டிருக்கற பாதி குதிரைன்னு வெச்சிருப்பாங்க. 1974ல கிணறு வெட்டின விவசாயிங்க மண்வெட்டில பட்டப்பவும் இப்படி உடைஞ்ச துண்டாத்தான் வந்துது, இன்னைக்கு நேரா நிக்கற வீரர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஒட்டி எழுப்பினவங்க. இந்த ஒரு குழில மட்டும் சுமார் 6,000 உருவம் இருக்கும்னு கணக்கு, பாதிக்கு மேல இன்னும் மண்ணுக்குள்ளதான்.

தோண்டாத இடத்துல மண்ணு அலை அலையா மேடும் பள்ளமுமா இருக்கும், நிறைய பேர் அதை சும்மா மண்ணுன்னு தாண்டிடறாங்க. அது கூரைங்க. குறுக்க அடுக்கின மரக்கட்டை எரிஞ்சும் இத்துப்போயும் உள்வாங்கி, வீரர்கள் மேலயே விழுந்து, அந்த வடிவம் அப்படியே மண்ணுல பதிஞ்சு நிக்குது. ஏன் எல்லாத்தையும் தோண்டலன்னு அப்பா கேப்பாங்க. வெளிய எடுக்கறப்ப சிலைங்க மேல வண்ணம் இருந்துது, ஆனா வண்ணத்துக்கு அடியில பூசின அரக்கு காத்து பட்டதும் காஞ்சு சுருண்டு, சில நிமிஷத்துலயே வண்ணத்தோட உரிஞ்சு போயிடும். அதான் மெதுவா, பாதுகாக்கற வழி கைல இருக்கற இடத்த மட்டும் தொடறாங்க.

2வது குழிய மட்டும் விட்டுடாதீங்க. அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள சில சிலைகள கிட்டக்க வெச்சிருக்காங்க, அதுல மண்டியிட்ட வில்லாளிக்குப் பின்னாடி போய் குனிஞ்சு அவன் வலது கால் செருப்போட அடிப்பக்கத்த பாருங்க. தையல் புள்ளி புள்ளியா இருக்கும், விரல் பக்கமும் குதிகால் பக்கமும் நெருக்கமா, நடுவுல தள்ளித் தள்ளி. வழுக்காம இருக்க நிஜச் செருப்புல எப்படி தைப்பாங்களோ அதையே சிற்பி மண்ணுல செஞ்சிருக்கான், மண்ணுக்குள்ள புதைக்கப்போற சிலைன்னு தெரிஞ்சும் செஞ்சிருக்கான். நான் அங்க அரை மணி நேரம் நின்னேன், நகரவே மனசு வரல. 3வது குழி சின்னது, படையோட தலைமையிடம்னு சொல்றாங்க, பத்து நிமிஷம் போதும்.

அதே டிக்கெட்ல, பேரரசரோட கல்லறை இருக்கற லிஷான் பூங்காவும் சேத்தி, இலவச பஸ் இருக்கு, பெரும்பாலான டூர்ல இதைத்தான் வெட்டிடறாங்க, நாமளே போங்கன்னு நான் சொல்றதுக்கு முக்கியமான காரணமும் இதுதான். 1980ல கிடைச்ச ரெண்டு வெண்கலத் தேர் இப்ப அங்க இருக்கற மியூசியத்துலதான். நிஜத் தேர்ல பாதி அளவு, ஒவ்வொண்ணுக்கும் நாலு குதிரை, கடிவாளத்துல தங்கமும் வெள்ளியும். பக்கத்துல மரம் மூடின மேடு தெரியும், கி.மு. 210ல செத்துப்போன முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் அதுக்குக் கீழதான், கல்லறைய இன்னும் திறக்கல. உள்ள பாதரசத்துல ஆறு ஓடவிட்டாங்கன்னு பழைய வரலாற்று ஆசிரியர் ஸிமா சியேன் எழுதினார், மேட்டு மண்ண சோதிச்சப்ப பாதரசம் நிஜமாவே அதிகமா இருந்துது.

காலைல 8.30க்கு கேட்ல நில்லுங்க, குழிங்களுக்கு மூணு மணி நேரம், பூங்காவுக்கு ரெண்டு மணி நேரம் வெச்சுக்கோங்க. மேட்டு மேல ஏறறதுக்கு ஒண்ணும் இல்ல, அம்மா கீழ மரத்தடில உக்காந்தே அதைப் பாக்கலாம்.