வீட்டு ஆட்டோமேஷனுக்கு இரண்டாவது இணைய இணைப்பு உண்மையிலேயே தேவையா?

ஃபைபர் இருக்கும்போது இன்னொரு இணைப்புக்கும் மாதாமாதம் பணம் கட்டுவது வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வீட்டில் நீங்களே குடியிருந்தால் வீண்தான். நெட் போனால் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டிவிடலாம். ஆனால் நீங்கள் ஓர் ஊரிலும் பெற்றோர் இன்னோர் ஊரிலும் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அப்படியென்றால் கட்டாயம் தேவை.

அம்மா பள்ளிக்கரணையில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். நான் புனேவில். அவர் இன்சுலின் போடுபவர். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால் ஃபிரிட்ஜுக்குள் சின்னதாக ஒரு ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் முறை) வெப்பநிலை சென்சார் வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் இன்னொன்று. இரண்டும் டிவிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளுக்குத் தகவல் தரும். அங்கிருந்து எனக்கு டெலிகிராமில் ஒரு வரி வரும். வீட்டுக்குள் கேமரா கிடையாது. “பெற்ற தாயை வேவு பார்க்கிறாயா” என்று கேட்க வருபவர்களுக்காகவே சொல்கிறேன்: எதை எங்கே ஒட்டலாம் என்று காட்டியதே அம்மாதான். “கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே” என்பவர்களுக்கும் ஒரு பதில்: அவர் வரமாட்டேன் என்கிறார். அது அவர் வீடு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம்தான் கரையைக் கடந்தது. ஆனால் 4ஆம் தேதியே வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் தண்ணீரில். கரன்ட் இல்லை. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஃபைபர் மட்டும் செத்துவிட்டது. வீடு வரை ஃபைபரையே இழுக்கும் ஜிபான் (GPON) முறையில் எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவே கரன்ட் தேவைப்படாது. ஒளியைப் பிரித்தனுப்பும் ஸ்ப்ளிட்டர் மட்டும்தான் இருக்கும். பல இடங்களில் அப்படி இழுப்பதில்லை. தெருவிலோ மொட்டை மாடியிலோ ஒரு பெட்டி வரை ஃபைபர் வரும், அதற்குள் இருக்கும் சுவிட்சிலிருந்து வீட்டுக்கு லேன் கேபிள். அந்தப் பெட்டிக்குக் கரன்ட் போனால் உங்கள் இன்வெர்ட்டரால் ஒரு பயனும் இல்லை. எங்கள் தெருவில் அதுதான் நடந்தது.

ரவுட்டரில் செருகியிருந்த 4ஜி டாங்கிள் (சிம் போட்டு நெட் தரும் சின்னக் கருவி) அப்போது வேலையை எடுத்துக்கொண்டது. வேகம் படுமோசம், ஆனால் ஒரு வரிச் செய்திக்கு எவ்வளவு டேட்டா வேண்டும்? “ஃபிரிட்ஜ் 9.5”, கொஞ்ச நேரம் கழித்து “ஃபிரிட்ஜ் 11” என்று வந்தது. இன்வெர்ட்டரில் ஃபிரிட்ஜுக்கு லைன் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு போன் போகவே இல்லை. எதிர் வீட்டு அக்காவுக்கு எஸ்.எம்.எஸ். போனது. அவர் வந்து இன்சுலினை மூடி போட்ட டப்பாவில் வைத்து, அந்த டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் இறக்கிவிட்டார். இருட்டும்போது டவரும் போய்விட்டது. பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் டவர் நிற்கத்தான் செய்யும். அதற்குள் எனக்கு வேண்டிய செய்தி வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றுவரை பணம் கட்டுகிறேன்.

அதனால் இரண்டாவது இணைப்பில் வேகத்தைப் பார்க்காதீர்கள், அது எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். இரண்டு கம்பெனி ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கினால், மரம் விழும்போது இரண்டும் சேர்ந்தே அறும். சிம்தான் சரி, அதுவும் ஃபைபர் கொடுப்பவர் அல்லாத வேறு கம்பெனி சிம். டிபி-லிங்க் இஆர்605 இரண்டாம் பதிப்பு போல யுஎஸ்பி டாங்கிளை ஏற்கும் ரவுட்டர் வாங்குங்கள். எல்லா டாங்கிளையும் அது ஏற்காது, கேட்டு வாங்குங்கள். நெட் இருக்கிறதா என்பதை வெளியே ஓர் இணைய முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் செய்தி) அனுப்பிச் சோதிக்கும்படி அதில் செட் செய்யுங்கள், ஏனென்றால் தெருவில் லைன் செத்தாலும் வீட்டுப் பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். சிம்மில் பெரும்பாலும் தனி பொது ஐபி (வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய இணைய முகவரி) கிடைக்காது, அதனால் வெளியிலிருந்து வீட்டுக் கருவிக்கு வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை நம்ப முடியாது. அது இல்லாமலே உங்கள் போனையும் வீட்டுக் கருவியையும் பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டுவிடுங்கள். வாசலில் கேமரா இருந்தால் அது 4ஜி பக்கம் போகாதபடி தடுத்துவிடுங்கள், இல்லையேல் ஒரே இரவில் டேட்டாவைத் தின்றுவிடும். இன்வெர்ட்டரின் பின்பக்கச் சுவிட்ச் யுபிஎஸ் பக்கம் இருக்கட்டும். நார்மலில் இருந்தால் கரன்ட் போகும்போதெல்லாம் ரவுட்டர் அணைந்து மறுபடி எழும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அம்மா இருக்கும் குடியிருப்பின் அசோசியேஷன் ஒரே ஒரு இணைய நிறுவனத்தைத்தான் உள்ளே விடுகிறது. வேறொரு கேபிள் இழுக்க அனுமதி கேட்டதற்குக் கட்டட அழகு கெட்டுவிடும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மெயின்டெனன்ஸ் ஒரு நாள் தாமதமானால் வாட்ஸ்ஆப் குழுவில் ஃப்ளாட் எண்ணைப் போடுகிறவர்கள், வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒரு வயர் வர எத்தனை கடிதம் எழுதியும் இறங்கி வரவில்லை. தன் வீட்டுக்கு எந்த நெட் வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை கூடவா குடியிருப்பவருக்கு இல்லை?

வாங்கி மாட்டியதோடு விட்டுவிடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை ஊருக்குப் போய், ஃபைபர் வயரைக் கழற்றி, மெயினையும் ஆஃப் செய்து ஓர் இரவு முழுக்க அப்படியே விட்டுப் பாருங்கள். சிம் ரீசார்ஜ் தேதியை உங்கள் போனிலேயே அலாரமாக வையுங்கள், பெற்றோர் தலையில் கட்டாதீர்கள்.