அடீனியத்தில் வந்திருக்கும் அந்தக் கொம்பு

உங்கள் அடீனியம் (பாலைவன ரோஜா) செடியில் பூ உதிர்ந்த இடத்தில் ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, நோயா, வெட்டிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள்! அது அடீனியத்தின் விதைக்காய். ஒரே காம்பில் ஜோடியாக, எதிரெதிராக விரிந்து வருவதுதான் அடையாளம். வீட்டுச் செடியில் தானாகக் காய் பிடிப்பது அபூர்வம்; மகரந்தம் பூக்குழாய்க்குள் கூம்பு போல மூடிய இடத்தில் இருப்பதால் பூச்சிகளுக்கு எளிதில் எட்டாது. உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்.

முற்ற 2, 3 மாதம் போல ஆகும். பச்சை மங்கிப் பழுப்பேறத் தொடங்கியதும் காயைச் சுற்றி நூலால் நெருக்கமாகக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வலைத்துணிப் பை மாட்டுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்குக் கட்டலாம் என்று நான் ஒருமுறை விட்டேன். காலையில் பார்த்தால் காய் நீளவாக்கில் பிளந்து, வெறும் தோல்தான் தொங்கியது. விதை சின்னக் குச்சி மாதிரி இருக்கும், இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சம். லேசான காற்றே போதும், பறந்துவிடும்.

எடுத்த விதையைச் சீக்கிரம் விதையுங்கள், புதிதாக இருக்கும்போது நன்றாக முளைக்கும். தாய்ச்செடியின் பூ நிறமே நாற்றிலும் வரும் என்று சொல்ல முடியாது. அப்புறம், காம்பை நறுக்கும்போது கசியும் சாறு நச்சு. கையை உடனே கழுவிவிடுங்கள்.