காது கேளாதவர்களை வேலைக்குச் சேர்த்தால் ஏன் சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள்?

பனியன் கம்பெனியில் இரண்டு பேரைச் சேர்த்தீர்கள், இரண்டு பேருமே மூன்று மாதத்தில் நின்றுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் திருப்பூரில் லைன் சூப்பர்வைசராக இருந்தவன். எங்கள் லைனிலும் இதேதான் நடந்தது. தப்பு எங்கள் மேல்.

துணி ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் ஒரு பெண் இருந்தார். பிறவியிலேயே காது கேட்காது. ஊசி மழுங்கினால் மற்றவர்கள் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இவர் துணியைப் பிடித்திருக்கும் கையிலேயே தெரிந்துகொள்வார். வேலையில் ஒரு குறையும் இல்லை. நான்தான் "இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட்", அதாவது ஓவர்டைம் உண்டு என்று லைன் நடுவில் நின்று கத்திவிட்டுப் போய்விடுவேன். அவர் ஐந்தரைக்குப் பையை எடுப்பார், நான் முறைப்பேன்.

அப்புறம் ஒரு நாள் தீயணைப்பு ஒத்திகை. சைரன் அடித்து எல்லோரும் கேட்டுக்கு வந்தாயிற்று, தலை எண்ணினால் ஒன்று குறைகிறது. மேலே ஓடினேன். பாத்ரூமிலிருந்து வந்தவர், ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி, காலி ஹாலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் அவர் அம்மா வந்தார், உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கணக்கை முடித்துக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் சைரனோடு சேர்ந்து மின்னும் விளக்கு வைத்தோம், பாத்ரூமிலும்கூட. ஓவர்டைமை நான்கு மணிக்கே போர்டில் எழுதினோம். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். சைகை மொழியிலேயே வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி மாதிரி. மணியை எண்ணில் போடுங்கள், பீஸில் தவறு இருந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

'சட்டமெல்லாம் அரசு வேலைக்குத்தானே' என்று உங்கள் மேனேஜர் சொல்லலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத வேலை ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்குத்தான், சரி. ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி சம வாய்ப்புக் கொள்கையைத் தனியாரும் வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இதைப் பார்த்துக்கொள்ள ஒரு தொடர்பு அலுவலரும் வேண்டும்.

நின்றுபோன இருவரையும் நேரில் போய்ப் பாருங்கள். சைகை மொழி தெரிந்த வெளியாள் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அம்மாவோ அண்ணனோ நடுவில் இருந்து சொன்னால், 'உடம்பு சரியில்லை' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.