ஹம்ஸ்டர் வயிற்றுப் பூச்சி மனிதருக்கு வருமா? மிருக வைத்தியரிடம் கேள்வி பதில்

எலிப் பொறி வாங்கிய வீடுகளில் இப்போது எலிக் கூடு வாங்குகிறார்கள். நான் மாடும் ஆடும் பார்த்துப் பழகியவன். முதன்முதலில் எலி போன்ற சின்னச் செல்லப் பிராணியான ஒரு ஹம்ஸ்டரைக் கையில் தந்தபோது விரலில் நல்ல கடி வாங்கினேன். அதற்குப் பிறகுதான் இந்தச் சாமான்களைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கல்லடியிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு ஆறு வயது. அடிக்கடி வயிற்றுக்குத்து. மலம் சோதித்ததில் குள்ள நாடாப்புழு முட்டை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது டொக்டர். வீட்டில் இரண்டு ஹம்ஸ்டர் இருக்கின்றன. அதுகளால்தானா?

இருக்கலாம் தங்கச்சி, ஆனால் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். ஹைமெனோலெபிஸ் நானா என்ற இந்தப் புழு 15 முதல் 40 மில்லிமீட்டர்தான் வளரும். மாட்டிறைச்சியில் வருவது மீட்டர் கணக்கில் நீளும். அந்தப் பெரிய புழுவுக்கு இடையில் ஒரு மாடு வேண்டும். இந்தக் குள்ளனுக்கு யாருமே தேவையில்லை. முட்டை மலத்தோடு வெளியே வரும்போதே தொற்றத் தயாராக இருக்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அதன் உள்ளே ஆறு குட்டிக் கொக்கிகள் தெரியும். பிள்ளை ஹம்ஸ்டரைத் தடவுவான், புழுக்கையைக் கிளறுவான், அதே கையால் பிஸ்கட் எடுப்பான். வேலை முடிந்தது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. வளர்ந்த புழு நாலு முதல் ஆறு கிழமைதான் உயிரோடு இருக்கும். ஆனால் அது போடும் முட்டைகளில் சில வெளியே வராமல் குடலுக்குள்ளேயே பொரித்துவிடும். அதனால்தான் ஒரு பிள்ளை வருடக்கணக்கில் இதைச் சுமக்க முடிகிறது.

இதை ஒருவருக்குக் கொடுப்பது பெரும்பாலும் இன்னொரு மனிதர்தான். தம்பி தங்கச்சி இருந்தால் அவர்களுடைய மலத்தையும் சோதியுங்கள். ஹம்ஸ்டர்களின் புதுப் புழுக்கையை ஒரு சின்னப் போத்தலில் போட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். முட்டை ஒவ்வொரு நாளும் வெளிவராது, ஆகவே மூன்று வெவ்வேறு நாள் எடுத்தால் நல்லது. பள்ளிக்கூடத்தில் தரும் மெபெண்டசோல் குளிசையை நம்பியிருக்காதீர்கள், அது உருளைப் புழுக்களுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். இதற்குரியது பிராசிகுவாண்டெல். மகனுக்கு எவ்வளவு என்பதை அவனுடைய நிறையைப் பார்த்து வைத்தியர் எழுதுவார். அவனுக்கு எழுதியதில் ஒரு துண்டை உடைத்து ஹம்ஸ்டருக்குக் கொடுத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

சம்மாந்துறைத் தம்பி ஒருவர்: மில்லிலிருந்து உமி எடுத்துக் கூட்டுக்குள் விரிக்கிறேன். சிவப்பு வண்டு வருகிறது. ஹம்ஸ்டர் அதைப் பிடித்துத் தின்கிறது. பார்க்க வடிவாக இருக்கிறது, விடலாமா?

பார்க்க வடிவுதான், இரண்டு கையாலும் பிடித்து நொறுக்கித் தின்னும். ஆனால் விட வேண்டாம். மூன்று நாலு மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த மா வண்டு, மில் எலியின் புழுக்கையையும் தின்றிருக்கும். எலி நாடாப்புழு என்று இன்னொன்று இருக்கிறது, 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை போகும். அதன் குஞ்சு இந்த வண்டுக்குள்தான் வளரும். குள்ள நாடாப்புழுவுக்கும் இதே வண்டு வாகனமாகலாம். எலி நாடாப்புழு ஹம்ஸ்டரிலிருந்து நேரே உங்களுக்கு வராது, வண்டை நீங்களே விழுங்க வேண்டும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அதுவும் நடக்கும்.

உமிக்குப் பதிலாகக் கடதாசியைக் கிழித்துப் போடுங்கள். தீன் தானியத்தைப் பையில் போட்டுக் கட்டி நாலைந்து நாள் டீப் ஃப்ரீசரில் வைத்தால் வண்டு செத்துவிடும். கூட்டைக் குசினியில் வைக்கவே வேண்டாம், இரவில் வீட்டு எலி சிந்திய தீனைத் தேடி அங்கேதான் வரும்.

காத்தான்குடி ராத்தா: மகளுக்கு இரவில் பின்பக்கம் கடிக்கிறது. ஹம்ஸ்டரைக் கொடுத்துவிடட்டுமா?

வேண்டாம் ராத்தா. அது கீரிப்பூச்சியாக இருக்கும், மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது. ஹம்ஸ்டருக்கும் அதுபோல ஒரு பூச்சி உண்டு, ஆனால் வேறு இனம். மனிதரில் அது மிக மிக அரிது. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச்சிக் குளிசை எடுங்கள், இரண்டு கிழமையில் திரும்ப எடுங்கள். பிள்ளையின் நகத்தை வெட்டுங்கள், படுக்கை விரிப்பை வெந்நீரில் துவையுங்கள்.

அக்கரைப்பற்று: அம்மாவுக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது. கினிப்பன்றி வளர்க்கலாமா?

என்னைக் கேட்டால், இப்போது புதிதாக வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் கூடு கழுவும் வேலை அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். உடலின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருப்பவருக்கு, விலங்குகளின் மலத்தில் இருக்கக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி வந்தால், மற்றவர்களுக்குச் சில நாளில் நிற்கும் வயிற்றோட்டம் மாதக்கணக்கில் இழுக்கும். குளோரின் அதை ஒன்றும் செய்யாது. கொதிநீர்தான் அதற்குச் சரி. கையில் பூசும் ஜெல்லையும் நம்ப வேண்டாம், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

திருக்கோவில் விவசாயி: ஹம்ஸ்டர் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வருமா?

எலிக்காய்ச்சல் புழு இல்லை, பக்டீரியா. ஹம்ஸ்டருக்கும் தொற்றலாம். ஆனால் உங்களுக்கு ஆபத்து வயல் எலியின் மூத்திரம் கலந்த சேற்றில்தான். காலில் வெடிப்பு இருந்தால் சேற்றில் இறங்குமுன் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்ஸிசைக்கிளின் மருந்து பற்றிக் கேளுங்கள்.

வாழைச்சேனை: ஹம்ஸ்டர் செத்துவிட்டது. கூட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், உடனே வேண்டாம். குள்ள நாடாப்புழு முட்டை வெளியில் பத்து நாளுக்கு மேல் தாங்காது. விரிப்பை எல்லாம் பையில் கட்டி அகற்றுங்கள். கூட்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றி, இரண்டு கிழமை வெயிலில் காயப் போடுங்கள். அது ஓடி விளையாடும் சக்கரத்தைக் கழற்றித் தனியாகத் தேயுங்கள், அதன் உள்விளிம்பில்தான் புழுக்கை காய்ந்து ஒட்டிக் கிடக்கும்.