மழையை அளந்து பயிர் வைக்கும் ஊர்

கேள்வி: கிராமம் உயர்ந்தால் நாடு உயரும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். எங்காவது நடந்திருக்கிறதா?

பதில்: நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில், அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்து ஹிவ்ரே பஜார். வறண்ட பூமி. பிழைப்புத் தேடிப் பலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரான பிறகு, மலைச்சரிவில் அகழி வெட்டி மழைநீரை நிறுத்தினார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர்கள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது; தண்ணீரைக் குடிக்கும் கரும்பும் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையை அளந்து, குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியது போக மிச்சம் எவ்வளவு என்று கிராமசபையில் கணக்குப் பார்க்கிறார்கள். எந்தப் பயிர் வைப்பது என்பதை அந்த மிச்சம்தான் தீர்மானிக்கிறது. போன குடும்பங்கள் திரும்பி வந்தன. வேலைக்காக நகரத்தில் நெருக்கியடிக்கும் கூட்டம் இப்படித்தானே குறையும்?

நம் பக்கத்திலும் உண்டு. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-ல் வங்கிக் கடனும் வாங்கிச் சொந்தமாகக் காற்றாலை அமைத்தது. உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றது.

இரண்டு ஊரிலும் மக்கள் கூடிப் பேசினார்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 நாள் கிராமசபை கூடுகிறது. அடுத்தது அக்டோபர் 2 என்றால் அன்றைக்கே போங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடாமல், உங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.